முப்பத்தொரு நாள் மட்டும் வெல்லும் அணி

எனக்குப் பந்து உதைக்கத் தெரியாது, தம்பி. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பதினாறு வயதில் ஒருமுறை பள்ளிக்கூட அணிக்கு ஆள் குறைந்துபோய் என்னை இறக்கினார்கள். சொந்தக் கோலுக்குள் அடித்துவிட்டு வெளியே வந்தேன். அன்றிலிருந்து நாற்பத்தைந்து வருடம் கோட்டுக்கு வெளியேதான் நின்றிருக்கிறேன். உள்ளே நின்று ஓடுகிறவனுக்குத் தெரியாத சில விஷயங்கள் வெளியே நிற்கிறவனுக்குத் தெரியும். அதற்காகத்தான் நீலக்கரைக் கழகம் பதினொரு வருடமாக என்னைச் செயலாளராக வைத்திருந்தது.

பெயர் மரியநாயகம், வயது அறுபத்தொன்று. எழுதிக்கொண்டீர்கள்தானே. மனைவி பெயர் றோசம்மா, வயது ஐம்பத்தாறு. அவள் விஷயமாகத்தான் நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். ஆனால் அணியைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றி மட்டும் சொன்னால் உங்களுக்குப் பிழையாக விளங்கும். ஆகவே அணியிலிருந்து தொடங்குகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லீக்கை ஊரில் சம்பள லீக் என்பார்கள். விளையாடுகிறவனுக்கு மாதச் சம்பளம் உண்டு என்பதால் அந்தப் பெயர். பன்னிரண்டு அணிகள். வவுனியாவிலிருந்து ஒன்று, கிளிநொச்சியிலிருந்து மூன்று, இப்படி. பன்னிரண்டாவதாக வருகிற அணி வெளியே. பதினோராவதாக வருகிற அணி, கீழ்ப் பிரிவிலிருந்து வருகிற அணியோடு ஒரு ஆட்டம் ஆட வேண்டும். தோற்றால் அதுவும் வெளியே. வெளியே போன அணியைக் காசு போடுகிற அனுசரணையாளர் திரும்பியும் பார்க்க மாட்டார். நாங்கள் மூன்று பருவமாக அந்த விளிம்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தோம்.

கழகம் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. றொமேஸ் ஏற்கெனவே வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவனோடு கதைத்துக்கொண்டிருந்தான். சாருஜன் மேசன் வேலைக்குப் போவான். கப்டன் அனிஸ்ரன் தகப்பனின் படகில் ஏறுவான். இருபத்திரண்டு பெடியள். அவர்களை நான் பெற்ற பிள்ளைகள் மாதிரிப் பார்த்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர்கள் வென்றால் எனக்கு நித்திரை வரும். தோற்றால் மூன்று நாள் சோறு இறங்காது. பின்னேரம் நாலு மணிக்கு மைதானத்துக்குப் போக முடியாத ஒரு வாழ்க்கையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

போன வருடம் அனுசரணையாளர் கனடாவிலிருந்து சிவகரன் என்றொருவரை அனுப்பினார். நல்ல பிள்ளை. ஒரு லப்டொப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, பந்து எங்கள் காலில் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு வீதம் இருக்கிறது, கோலை நோக்கி அடித்த அடியில் நாங்கள் நாலாம் இடம், றொமேஸ் ஒருவனே பதின்மூன்று கோல் போட்டிருக்கிறான், இப்படி ஒரு அணி தோற்பதற்கு நியாயமே இல்லை என்றார்.

"அங்கிள், தரவு பொய் சொல்லாது" என்றார்.

"ஓம் தம்பி, பொய் சொல்லாதுதான். ஆனா அது வாயே திறக்கேல்லையே" என்றேன்.

அவருக்குக் கொஞ்சம் முகம் கறுத்துவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய? சரிந்துகொண்டிருக்கிற அணியை எண்ணிக்கையை வைத்துப் பார்க்கிறவர் ஒருவகை. நட்சத்திர ஆட்டக்காரனை வைத்துப் பார்க்கிறவர் இன்னொரு வகை. "றொமேஸ் இருக்கிறான், பயமில்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். என்னுடைய வழி வேறு. இடைவேளையில் தண்ணீர்ப் போத்தல் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பார்ப்பேன். வான் வண்டியில் யார் பக்கத்தில் யார் ஏறுகிறார்கள் என்று பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் மேலே, பருவம் தொடங்க முன்னர் ஒரு விடியற்காலை முழு அணியையும் என் மச்சானுடைய கரைவலையில் கொண்டுபோய் விடுவேன்.

கரைவலைக்கு இரண்டு கயிறு. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் இழுத்தால்தான் மடி நேராக வரும். கயிற்றைப் பிடித்திருக்கிறவன் வேறு, இழுக்கிறவன் வேறு. மணலில் குதிக்கால் எவ்வளவு புதைகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். போன மே மாதம் நான் பார்த்தது இதுதான். கடற்கரைப் பெடியள் எல்லாரும் றொமேசோடு வடக்குக் கயிற்றில் நின்றார்கள். கரையை விட்டு உள்ளுக்கு இருக்கிற பெடியள், அதாவது மலையகத்திலிருந்து வந்து குடியேறிய சனத்தின் பிள்ளைகள், சாருஜனோடு தெற்குக் கயிற்றில் நின்றார்கள். ஒரு பக்கம் இழுக்க மறுபக்கம் ஓய்ந்தது. வலை கோணிக்கொண்டு வந்து, பாதி மீன் வெளியே போய்விட்டது. மச்சான் என்னைப் பார்த்துக் கேட்டார், "என்னப்பா, ரெண்டு ரீமைக் கூட்டிக்கொண்டு வந்தனியோ?"

அவர் விளையாட்டாகக் கேட்டார். ஆனால் லப்டொப்பில் இல்லாத விஷயம் அதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னர் வானில் வைத்து றொமேஸ் சாருஜனை ஒரு சொல் சொல்லியிருந்தான். அந்தச் சனத்தை எங்கள் ஆட்கள் சொல்கிற சொல். அதை இங்கே எழுத வேண்டாம். அன்றிலிருந்து நடுவில் நிற்கிற சாருஜன் முன்னுக்கு நிற்கிற றொமேசுக்குப் பந்து கொடுப்பதில்லை. பின்னால் கொடுப்பான், பக்கத்தில் கொடுப்பான், ஐம்பத்தெட்டு வீதம் எங்கள் காலிலேயே வைத்திருப்பான். முன்னுக்கு மட்டும் கொடுக்க மாட்டான். பயிற்றுநர் தயாபரன் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கதைத்தார், பாதர் கதைத்தார், நான் கதைத்தேன். எல்லாருக்கும் "ஓம் ஓம்" என்று தலையாட்டினார்கள். மைதானத்தில் அதே கதைதான்.

ஆக நோயை நான் சரியாகக் கண்டுபிடித்தேன். அதை யாரும் மறுக்க முடியாது.

மருந்து தற்செயலாகக் கிடைத்தது. ஜூலை மாதம் மைதானத்தைப் பார்த்துக்கொண்ட சுடலைமுத்து இறந்துபோனார். கோடு போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சுண்ணாம்பு வாளியோடு நடு வட்டத்திலேயே இருந்துவிட்டார். நல்ல மனிதர். மைதானத்து மூலையில் ஒரு சின்ன வீட்டில் அவரும் மகள் பிரேமிளாவும். சொந்தக்காரர்கள் எல்லாரும் ஜெயபுரத்தில். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். அயலிலிருந்துதான் சாப்பாடு போக வேண்டும். அயல் என்று சொல்ல எங்கள் வீடு ஒன்றுதான் இருந்தது. றோசம்மா சமைக்கத் தொடங்கினாள்.

எட்டாம் நாள் சடங்கோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. "அந்தப் பிள்ளை தனியச் சமைச்சுத் தனியச் சாப்பிடுறதோ? முப்பத்தொண்டு மட்டும் நான் குடுக்கிறன்" என்றாள். பிறந்ததிலிருந்து மீன் இல்லாமல் ஒரு நேரம் சாப்பிடாதவள், முப்பத்தொரு நாளும் மரக்கறி சமைத்தாள். கத்தரிக்காய், பருப்பு, பூசணிக்காய். உப்புக் காணாது என்று நான் சொன்னால், "வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ" என்பாள். பயிற்சி முடிந்ததும் பெடியளைக் கொண்டு சட்டிகளை அந்த வீட்டுக்குத் தூக்குவித்தாள். அணி முழுக்க அங்கேயே முற்றத்தில் இருந்து சாப்பிட வேண்டும் என்று அவளே ஒரு சட்டம் போட்டாள். முதல் நாள் றொமேஸ் தன் தட்டோடு மோட்டார் சைக்கிளில் ஏறி இருந்தான். அவள் போய்த் தட்டைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"என்ர சாப்பாட்டில கோவம் போட்டுக்கொண்டு ஒருத்தரும் இருக்கேலாது. வா, வந்து அவனுக்குப் பக்கத்தில இரு. முதல்ல அவனுக்குப் போடு, பிறகு உனக்கு."

றொமேஸ் சாருஜனுக்குச் சோறு போட்டான். இருபது பேரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். இரண்டாவது கிழமை போல, சாருஜன் அவனுக்கு அப்பளம் எடுத்துக் கொடுத்ததாக யாரோ சொல்லிச் சிரித்தார்கள். இவற்றை நான் அந்த நேரம் குறித்துவைக்கவில்லை. சாப்பாடு சாப்பாடுதானே. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஆட்டத்தை.

ஆட்டத்தில் நடந்தது அதிசயம். கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அந்த முப்பத்தொரு நாளில் நாலு ஆட்டம். மூன்றில் வெற்றி, ஒன்று சமநிலை. புதுக்குடியிருப்பில் நடந்த ஆட்டத்தில் சாருஜன் நடுவிலிருந்து ஒரு பந்தைத் தூக்கி றொமேசின் காலில் வைத்தான். அந்தக் கோலைப் பார்த்து நான் அழுதேன், தம்பி. கோட்டுக்கு வெளியே நின்று, அறுபது வயது மனிதன், சனம் பார்க்கப் பார்க்க அழுதேன். அப்படியொரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தது. ஜெயபுரத்து ஆட்கள் வந்து பிரேமிளாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கறுப்புப் பட்டியைக் கழற்றினார்கள். சட்டிகள் வீட்டுக்கு வந்தன. அடுத்த ஆட்டத்தில் வவுனியா அணி எங்களுக்கு ஐந்து கோல் போட்டது. அதற்குப் பிறகு இன்னும் மூன்று தோல்வி.

ஒருமுறை நடந்ததை வைத்து முடிவுக்கு வருகிற ஆள் நான் இல்லை. செப்டெம்பரில் அனிஸ்ரனின் தாய் ஆன்சலா இறந்தார். சிறுநீரக வருத்தம், இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. திரும்பவும் கறுப்புப் பட்டி. திரும்பவும் அடுப்பு மூட்டாத வீடு, திரும்பவும் றோசம்மாவின் சட்டிகள். திரும்பவும் முற்றத்தில் இருபத்திரண்டு பேர். எட்டாம் நாள் முடிய மீன் குழம்பும் வைத்தாள். சாருஜன் தலைத்துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அந்த முப்பத்தொரு நாளில் மூன்று ஆட்டம், இரண்டு வெற்றி, ஒரு சமநிலை. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு தோல்விக்கு மேல் தோல்வி.

இப்போது நீங்களே சொல்லுங்கள். வேறு என்ன முடிவுக்கு வர முடியும்? துக்கம் இந்த அணியை ஒன்றாக்குகிறது. முப்பத்தொரு நாளைக்கு அது நிற்கும், பிறகு போய்விடும். எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லாத ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்டேன். சிவகரனுக்குத் தொலைபேசி எடுத்து இதைச் சொன்னபோது அவர், "அங்கிள், அது தற்செயல்" என்றார். அவரோடு வாதாடிப் பயனில்லை.

நவம்பர் முடியும்போது மூன்று ஆட்டம் மீதம். பதினோராம் இடத்தில் நின்றோம். பன்னிரண்டாம் இடத்துக்காரன் காலுக்குக் கீழே மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். மூன்றில் இரண்டை வென்றால் ஒன்பதாம் இடத்துக்கு ஏறிவிடலாம். ஆனால் ஊரில் யாரும் சாகிற மாதிரித் தெரியவில்லை.

நான் இயற்கையாக நடப்பதற்கு இடம் கொடுத்தேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பயிற்றுநர் தயாபரன் நெஞ்சு வருத்தம் என்று ஆசுபத்திரியில் கிடந்தார். பெடியளுக்கு அவரில் நல்ல விருப்பம். ஐந்து நாள் விடாமல் போய்ப் பார்த்தேன், ஒவ்வொரு நாளும் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். டொக்டரிடம் நிலைமையைக் கேட்டேன். ஆறாம் நாள் தயாபரன் எழுந்து நடந்து, என்னைக் கட்டிப்பிடித்து, "அண்ணை, சொந்தச் சகோதரம்கூட இப்பிடி வந்து பாக்கேல்லை" என்று கண் கலங்கினார். நானும் சந்தோஷப்பட்டேன். நல்ல மனிதர் பிழைத்துக்கொண்டால் யாருக்குத்தான் சந்தோஷமில்லை.

பிறகு ஒழுங்காக இருந்து யோசித்தேன். றொமேசை நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோல் போட ஆள் வேண்டும். அதோடு, அவன் போனால் பாதி அணிதான் அழும். சாருஜன் போனால் மற்றப் பாதி. என்னையும் நினைத்தேன், தம்பி. நான் சுயநலக்காரன் இல்லை. ஆனால் நான் போனால் அணியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. உண்மையைச் சொன்னால், பெடியள் என்னை மதிப்பார்கள், அழ மாட்டார்கள். யார் போனால் இருபத்திரண்டு பேரும் ஒரே மாதிரி அழுவார்கள் என்பதுதான் கேள்வி.

ஒருநாள் மத்தியானம் சாருஜன் காய்ச்சலோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். றோசம்மா அவனைக் குசினிக்குள் கதிரையில் இருத்தி, கொத்தமல்லி அவித்துக் கொடுத்து, நெற்றியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் றொமேசும் வந்தான். மழையில் நனைந்து வந்ததற்கு அவனுக்கும் நல்ல ஏச்சு. இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். எனக்கு விடை கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நிம்மதியாக இருந்தது.

நாங்கள் கல்யாணம் கட்டி முப்பத்திரண்டு வருடம். ஒருநாள்கூட அவளுக்கு நான் கை நீட்டியதில்லை. அயலைக் கேட்டுப் பாருங்கள். முள்ளிவாய்க்காலில் அவளை முதுகில் சுமந்துகொண்டு தண்ணீருக்குள்ளால் நடந்தவன் நான். எனக்கு அவளில் பாசமில்லை என்று மட்டும் எழுதிவிடாதேங்கோ. பாசமில்லாத ஒன்றைக் கொடுத்தால் அது கொடுப்பதே இல்லை.

டிசம்பர் மூன்றாம் திகதி, பின்னேரம் மூன்று மணி. களப்பு கடலோடு சேருகிற வாயை வெட்டிவிட்டிருந்தார்கள். மழை வெள்ளம் கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அக்கரையில் இருக்கிற அவளுடைய தங்கையிடம் அச்சுப் பலகாரம் சுடுகிற அச்சு இருந்தது. நத்தார்ப் பண்டிகைக்குப் பெடியளுக்குப் பலகாரம் சுட வேண்டும், அச்சை வாங்கிவர வேண்டும் என்று இரண்டு கிழமையாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். வா, தோணியில் போவோம் என்றேன். "இந்த வெள்ளத்துக்கையோ?" என்று கேட்டாள். "நான் இருக்கிறன்தானே" என்றேன். நல்ல சட்டை ஒன்று மாற்றிக்கொண்டு, தங்கைக்குக் கொடுக்க ஒரு பையில் முருங்கைக்காய் எடுத்துக்கொண்டு வந்து ஏறினாள். அவளுக்கு நீந்தத் தெரியாது.

தோணியில் எழுந்து நிற்கக் கூடாது என்று கடற்கரையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். வாய்க்குக் கிட்டப் போனதும் நான் எழுந்து நின்றேன். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தேன்.

"ஐயோ, இருங்கோ, இருங்கோ, விழப்போறியள்" என்று சொல்லிக்கொண்டு என் சாரத்தைப் பிடித்தாள். நான் வழுக்கிவிட்டேன் என்று நினைத்தாள். அவளுடைய பயம் எனக்காகத்தான். தண்ணீருக்குள் போன பிறகும் கொஞ்ச நேரம் பிடியை விடவில்லை. நான்தான் விரல்களைக் கழற்றினேன்.

நீந்திக் கரையேறினேன். உடனே கத்தவில்லை. தாழம்பற்றையடியில் இருந்து, மீதி மூன்று ஆட்டத்துக்கும் யார் யாரை இறக்கலாம் என்று யோசித்தேன். இருபது நிமிடம் இருக்கும். பிறகு கத்தினேன். கத்தத் தொடங்கியதும் அழுகை தானாக வந்தது, அது நடிப்பில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு உடலை எடுத்தார்கள். வெள்ளத்தில் தோணி பிரண்டது, விபத்து என்று எழுதினார்கள். எழுதியவர் மேல் பிழையில்லை. அழுதுகொண்டு நின்ற என்னைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

செத்த வீட்டில் இருபத்திரண்டு பேரும் அழுதார்கள். நான் எதிர்பார்த்ததற்கு மேலாகவே அழுதார்கள். சாருஜன் சவப்பெட்டியை விட்டு எழும்பவில்லை. றொமேஸ் சுவரில் தலையை மோதினான், மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. நான் மனத்துக்குள், மூன்று ஆட்டமும் வெற்றிதான் என்று சொல்லிக்கொண்டேன். கறுப்புப் பட்டியை நானே வெட்டி நானே கட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. கோயில் பெண்கள் முறை வைத்துச் சாப்பாடு அனுப்பினார்கள். குறை சொல்ல மாட்டேன், நல்ல சாப்பாடு. பார்சல் பார்சலாக வந்தது. பெடியள் வருவார்கள், ஆளுக்கொரு பார்சலை எடுப்பார்கள், போவார்கள். றொமேஸ் தன் பார்சலை மோட்டார் சைக்கிளில் இருந்தே சாப்பிட்டான். சாருஜனும் மற்றவர்களும் மைதானத்துப் பக்கம் கொண்டுபோனார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு வருவதையே நிறுத்திவிட்டார்கள். முற்றத்தில் கதிரைகள் சும்மா கிடந்தன.

முதல் ஆட்டம், மூன்றுக்கு ஒன்று என்று தோல்வி. இரண்டாவது, இரண்டுக்குப் பூச்சியம் என்று தோல்வி. றொமேஸ் முன்னுக்கு நின்று கையை விரித்துக் கத்தினான்; சாருஜன் அவனைப் பார்த்துக்கொண்டே பந்தைப் பின்னால் கொடுத்தான். கடைசி ஆட்டத்தில் எதிர் அணிக்காரன் தண்ட உதையை வெளியே அடித்ததால் சமநிலை. அந்த ஒரு புள்ளியால் பதினோராம் இடம் தப்பியது. இந்த நத்தாருக்கு எங்கள் வீட்டில் பாலன் குடில்கூட வைக்கவில்லை. நான் இருந்து அந்த மூன்று ஆட்டத்தையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். துக்கம் இருந்தது, பட்டி இருந்தது, முப்பத்தொரு நாளுக்குள்தான் மூன்று ஆட்டமும் நடந்தன. எல்லாம் சரியாக இருந்தும் ஏன் தோற்றோம்?

ஜனவரி இரண்டாம் திகதி முப்பத்தோராம் நாள் பூசை. பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு சாருஜன் மட்டும் நின்றான். உங்களுக்கு அவனைத் தெரியாது. அதிகம் கதைக்காத பெடியன்.

"அங்கிள், செத்தவைக்காக நாங்கள் வெல்லேல்லை" என்றான். "அன்ரி எங்களை ஒண்டாய் இருத்திச் சாப்பாடு தந்தா. அதாலதான் வெண்டனாங்கள். அன்ரி இல்லாட்டி எங்களை ஆர் ஒரு இடத்தில இருத்திறது? எனக்கும் றொமேசுக்கும் நடுவில நிண்டது அவாதான்."

நான் அவனுடைய தோளில் தட்டி, போய் நித்திரை கொள் என்றேன். நல்ல ஆட்டக்காரன்தான். ஆனால் உள்ளே நின்று ஓடுகிறவனுக்கு ஆட்டம் எங்கே தெரியப்போகிறது. சோற்றாலும் குழம்பாலும் ஒரு அணி வெல்லுமென்றால் சாப்பாட்டுக் கடைக்காரனைச் செயலாளராகப் போடலாமே. இருந்தாலும் அன்றிரவு நான் படுக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். விடிய எழும்பிக் குசினிக்குள் போனேன். சட்டிகள் எல்லாம் கவிழ்த்து வைத்தபடியே இருந்தன. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகுதான் பிழை எங்கே என்று எனக்குப் பிடிபட்டது. விபத்து என்று எழுதியதுதான் பிழை. விபத்துக்கு யாரையும் கோபிக்க முடியாது. வெள்ளத்தை யார் கோபிப்பது? சுடலைமுத்து நடு வட்டத்தில் விழுந்தார், ஆன்சலா படுக்கையில் கிடந்து போனார், அவை வேறு. அப்போது பருவத்தின் நடு, பெடியளுக்குக் களைப்பில்லை. இப்போது களைத்துவிட்டார்கள். களைத்த அணிக்குத் துக்கம் மட்டும் காணாது, கோபமும் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து வெறுக்க ஒரு ஆள் வேண்டும்.

அதனால்தான் வந்தேன். மனச்சாட்சி குத்தியதால் வந்தேன் என்று யாராவது கேட்டால் சொல்லாதேங்கோ, அது உண்மையில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் கீழ்ப் பிரிவு அணியோடு ஆட்டம். வென்றால் லீக்கில் நிற்போம், தோற்றால் எல்லாம் முடிந்தது. முப்பத்தொரு நாளும் முடிந்து பட்டியைக் கழற்றிவிட்டார்கள். இன்று வியாழன். நான் சொன்னதை நீங்கள் எழுதி, நான் கையெழுத்து வைத்து, நாளைக்குள் செய்தி வெளியே போய்விட்டால், சனிக்கிழமை பத்திரிகையில் வந்துவிடும். றோசம்மா தண்ணீரில் விழவில்லை, நான்தான் விழுத்தினேன் என்று. துக்கம் புதிதாகத் தொடங்கும். றொமேசும் சாருஜனும் ஒரே ஆளைத் திட்டிக்கொண்டு ஒரே வானில் ஏறுவார்கள். என்னை என்ன வேண்டுமென்றாலும் சொல்லட்டும், எனக்குப் பரவாயில்லை. புகைப்படம் தேவையென்றால் தருகிறேன். அவள் பெடியளோடு நிற்கிற படம் ஒன்று சட்டைப்பைக்குள் இருக்கிறது, அதைப் போட்டால் நல்லது.

நான் கேட்பது ஒன்றுதான். ஞாயிறு ஐந்தே முக்காலுக்கு ஆட்டம் முடியும். முடிவை எனக்கு யாராவது வந்து சொல்லிவிட வேண்டும். வென்றால், நான் பார்த்தது சரி. தோற்றால், இருபத்திரண்டு பேரும் அவளில் வைத்திருந்த பாசம் அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்வேன். அதற்கு நான் பொறுப்பில்லை, தம்பி, நான் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன்.